சுமை வரலாம், சூடு வரக் கூடாது

பூந்தமல்லியில் பஸ் ஏறி, அந்த ஊரின் பெயரையே நெடுங்காலம் தாங்கிய சாலை வழியாகச் சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் பெரியமேடு அருகே ஒரு பழைய சிவப்புக் கட்டடத்தைக் கடக்கிறார்கள். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. சாலையும் இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலை. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளிதான் இப்படி வளர்ந்து நிற்கிறது. நம் நாட்டுச் சமையலறைக்குள் அலுமினியம் நுழைந்த வாசல் என்று இந்த வளாகத்தைச் சொல்லலாம். 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் இங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். செம்பையும் பித்தளையையும் தட்டிப் பழகிய கைகளில் ஒரு புதிய உலோகத்தின் தகடு வந்து சேர்ந்தது. 1903-இல் அந்தத் தொழில் இந்தியன் அலுமினியம் கம்பெனியிடம் போனது.

அந்தப் புது உலோகத்துக்கு அப்போது வயது அதிகமில்லை. மின்சாரத்தின் துணையோடு அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியை அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டது 1886-இல். அதற்கு முன் அது விலை உயர்ந்த அபூர்வப் பொருள். பன்னிரண்டே ஆண்டுகளில் அது சென்னையில் சோறு வடிக்கும் பாத்திரமாகிவிட்டது என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த வரலாற்றை நான் தேடிப் போகவில்லை. திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்கு நடந்து போகும் ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ள நினைத்தபோது, முதுகுப் பையில் அடங்கும் சமையல் பாத்திரம் ஒன்று தேவைப்பட்டது. இரண்டு பேருக்குக் கஞ்சி வைக்க வேண்டும். பிடி இருக்க வேண்டும், ஆனால் அது நீட்டிக்கொண்டு பையைக் குத்தக் கூடாது. செய்தே பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பாத்திரம் எளிது, பிடிதான் கடினம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

நம் வீட்டுப் பாத்திரங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குண்டான், தவலை, அடுக்குச் சட்டி எதற்கும் பிடி கிடையாது. வெளியே மடிந்த விளிம்பு மட்டும் இருக்கும். அடுப்பிலிருந்து இறக்க இடுக்கி, இல்லையென்றால் பிடிதுணி. பாத்திரத்தையும் பிடியையும் பிரித்தே வைத்த ஏற்பாடு இது. தேவைப்படும்போது மட்டும் இடுக்கி வந்து விளிம்பைக் கவ்வும், பிறகு விலகிவிடும். அடுப்பின் மேல் இல்லாததால் அது சூடாவதில்லை. ஒரே இடுக்கி பத்துப் பாத்திரத்துக்கு உதவும். பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கவும் தடையில்லை. பயணத்துக்கு என்று யோசித்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. குறை ஒன்றே ஒன்று: இடுக்கியை மறந்துவிட்டுப் போனால் கஞ்சி அடுப்பிலேயே இருக்கும். மடக்குப் பிடி என்பது பாத்திரத்தோடு கட்டிப்போட்ட இடுக்கி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பழைய விடை தூக்கு. வாயின் இரு பக்கமும் காது, அவற்றில் மாட்டிய வளைகம்பி. தூக்கு கையில் தொங்கும்போது காதுகள் இருக்கும் மட்டத்துக்குக் கீழேதான் அதன் எடைமையம் இருக்கும். எப்படி ஆடினாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் சாப்பாடு சிந்தாமல் போனது இதனால்தான். ஆனால் சமைக்கும் பாத்திரமாக அதற்கு இரண்டு சிக்கல்கள். சாய்த்து ஊற்ற இன்னொரு கை வேண்டும். கம்பியை நிமிர்த்தி வைத்தால் மேலே எழும் அனல் அதன் மேல் படும், படுக்கவைத்தால் பக்கவாட்டில் ஏறும் தீ சுடும்.

மூன்றாவது விடை பட்டாளத்திலிருந்து வந்தது. பூந்தமல்லிக்குப் பட்டாளத்துத் தொடர்பும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் நோயிலிருந்து தேறும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கும் முகாம் இங்கே இருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிப்பாய் சுமந்த சமையல் தகரம் முதுகில் படியும்படி ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அதன் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு செவ்வகத் தகரங்கள் வந்தன. இரண்டுக்கும் மடங்கும் கம்பிப் பிடி. இன்று மலையேறுபவர்களின் பையில் இருக்கும் பாத்திரங்கள் பலவும் அந்த மாதிரியில் அமைந்தவைதான்.

முதலில் பாத்திரம். தகட்டிலிருந்து நாமே தட்டி எடுக்கலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. 14 செ.மீ. விட்டமும் 9 செ.மீ. உயரமும் உள்ள பாத்திரத்தின் அடியும் சுவரும் சேர்ந்து சுமார் 550 சதுர செ.மீ. பரப்பு. இதே பரப்புள்ள வட்டத் தகட்டின் விட்டம் சுமார் 26.5 செ.மீ. அந்த வட்டத்தின் விளிம்பு 83 செ.மீ. சுற்றளவு. பாத்திரமாக நிமிரும்போது வாயின் சுற்றளவு வெறும் 44 செ.மீ. மிச்சமுள்ள 39 செ.மீ. எங்கே போகும்? கொசுவமாகச் சுருங்கி நிற்கும். அந்தச் சுருக்கத்தையெல்லாம் தட்டித் தட்டி உலோகத்துக்குள்ளேயே அமுக்கி உயரமாக மாற்றுவதுதான் கன்னார் வேலை. தட்டத் தட்டத் தகடு இறுகும், பிறகு வெடிக்கும். அதனால் இடையிடையே சுமார் 350 டிகிரிக்குச் சூடேற்றி இளக்க வேண்டும். இரும்பைப் போல அலுமினியம் சிவந்து காட்டாது, திடீரென்று உருகி விழுந்துவிடும். பட்டறைக்காரர்கள் தகட்டின் மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடாக்குவார்கள். சோப்பு கறுக்கும் நேரமே பதம்.

இது ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய கலை. அதனால் கடையில் ஒரு சாதாரண அலுமினியக் குண்டானை வாங்கிக்கொண்டேன். எவர்சில்வர் ஏன் இல்லை என்று வீட்டில் கேட்டார்கள். தகுந்த கேள்விதான். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் எவர்சில்வரைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. எடையோ அதே பருமனுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1.2 மி.மீ. கனமுள்ள அலுமினியத்தில் மேலே சொன்ன அளவுப் பாத்திரம் சுமார் 180 கிராம் இருக்கும். அரை மி.மீ. எவர்சில்வரில் செய்தாலே அது சுமார் 215 கிராம். அந்த மெல்லிய எவர்சில்வரில், சிறிய அடுப்பின் தீ படும் நடுவட்டம் மட்டும் கொதித்து, அங்கே அரிசி அடிப்பிடிக்கும். சூடு பக்கத்தில் பரவ நேரம் கிடைக்காது. அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அலுமினியத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் ஒரு ஆக்சைடு படலம் உண்டாகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் உலோகத்தைக் காக்கும் தோல் அதுவே. புளிக்கும் எலுமிச்சைக்கும் அந்தத் தோல் கரையும். கஞ்சி, உப்புமா, டீ எல்லாம் வைக்கலாம். புளிக்குழம்பை அதில் கொதிக்கவிட்டு ராத்திரி முழுக்க வைத்திருக்க வேண்டாம். ரசத்துக்கு என்று நம் முன்னோர் ஈயச் சொம்பு வைத்திருந்தார்கள். அது சுத்தமான வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் உள்ளே ரசம் இல்லாமல் அதை அடுப்பில் ஏற்றவே கூடாது என்று பாட்டிகள் கண்டித்தார்கள். உள்ளே நீர் இருக்கும்வரை சுவரின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், நீர் வற்றினால் தீயின் சூடு முழுவதும் உலோகத்துக்குப் போகும். அலுமினியத்துக்கும் அதே விதி பொருந்தும். அது உருகுவது 660 டிகிரியில். விறகுத் தீயின் கங்கு அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும்.

இனி பிடி. பிடியிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள். பாத்திரத்தின் சுமை முழுவதும் அதன் வழியாகக் கைக்கு வர வேண்டும். பாத்திரத்தின் சூடு வரக் கூடாது. கெட்டியாக இணைத்தால் சுமை நன்றாக வரும், சூடும் அதே வழியில் வரும்.

சூட்டை முதலில் பார்ப்போம். ஒரு கம்பியின் ஒரு முனை கொதிக்கும் பாத்திரத்தைத் தொடுகிறது. வெப்பம் கம்பி வழியே நகர்கிறது, நகரும்போதே பக்கவாட்டில் காற்றுக்குக் கசிகிறது. வெயிலில் மணல் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடைக்குள் பாதி உறிஞ்சப்படுவது போலத்தான். 3 மி.மீ. கம்பி, காற்று 30 டிகிரி, பாத்திரம் 100 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், பாத்திரத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி அலுமினியக் கம்பியில் ஏறக்குறைய 69 டிகிரி இருக்கும். சாதாரண இரும்புக் கம்பியில் 51. எவர்சில்வர் கம்பியில் 40. காற்றோட்டத்தைப் பொறுத்து இவை கொஞ்சம் மாறலாம், வரிசை மாறாது. 60 டிகிரியில் இருக்கும் உலோகத்தைச் சில நொடிகள் பிடித்தாலே தோல் வெந்துவிடும். சமைக்கும்போது நாம் குறையாகச் சொன்ன அதே மந்தமான கடத்தல், பிடியில் எவர்சில்வருக்குப் பெருமை சேர்க்கிறது. பாத்திரம் அலுமினியம், பிடி எவர்சில்வர் என்று அன்றே முடிவு செய்தேன்.

இதற்கு மேல், பிடியை மடக்க வைத்த கீலும் ஒரு உதவி செய்கிறது. வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தவை. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் சில சிகரங்களில் மட்டுமே ஒட்டும். மற்ற இடமெல்லாம் காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் உலோகத்தின் கால்தூசிக்கும் பெறாது. கொஞ்சம் தொளதொளவென்று ஆடும் கீல் ஒரு மடைபோல வெப்பத்தை மறிக்கும். பற்றவைத்த பிடியில் இந்த மடை இல்லை. மடக்க வேண்டும் என்பதற்காக வைத்த கீல், சூட்டையும் தடுக்கிறது என்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி.

அடுத்தது சுமை. இங்கேதான் நான் தவறினேன். என் முதல் பிடி மேல்நோக்கி மடிந்து மூடியின் மேல் படுக்கும். விரித்தால் ஒரு சின்னக் கொக்கி அதை நிறுத்தும். தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன், நின்றது. கஞ்சி கொதித்து இறக்கும்போது கொக்கி நழுவியது. பாத்திரம் குப்புறக் கவிழ்ந்து, கால் விரல்களில் கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. பிறகுதான் யோசித்தேன். பாத்திரத்தின் எடை எப்போதும் அதைப் பிடியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். என் கீல் சுழல்வதும் அதே திசையில். எடை முழுவதையும் தடுத்து நின்றது நகத்தளவு கொக்கி ஒன்றுதான்.

வீட்டுக் கதவைப் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோ எடை, நிலையிலிருந்து இரண்டரை அடி நீண்டு நிற்கிறது. விரலால் தள்ளினால் திறக்கிறது. ஆனாலும் கீழே சாய்வதில்லை. கீலின் அச்சு நேராக நிற்பதால், கதவு பக்கவாட்டில்தான் சுழல முடியும். எடை அதை வேறு திசையில் சாய்க்கப் பார்க்கிறது. மேல் கீல் கதவை நிலையை நோக்கி இழுக்கிறது, கீழ்க் கீல் வெளியே தள்ளுகிறது, கதவு நிற்கிறது. பாத்திரத்தின் பிடியும் கதவு போல மடங்கினால் கொக்கியே வேண்டாம்.

அப்படி அமைத்தது இரண்டு சிறகுகள். வண்ணத்துப்பூச்சி போலப் பாத்திரத்தின் சுவரை இருபுறமும் தழுவி மடியும், விரித்தால் இரண்டும் நடுவே வந்து சேரும், கை இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். கீல்கள் 4 செ.மீ. இடைவெளியில் இருப்பதால் பிடித்த நிலையில் அது ஒரு முக்கோணம். இடமோ வலமோ ஆடாது. கையை விட்டால் மட்டுமே மடங்கும்.

கீல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? ஒரு லிட்டர் கஞ்சியோடு பாத்திரம் 1.2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைமையம் சுவரிலிருந்து 7 செ.மீ. உள்ளே. கீலின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 1 செ.மீ. தூரம்தான் என்றால், மேல்முனை சுவரைப் பிய்க்க இழுக்கும் விசை 8 கிலோவுக்கு மேல். 3 செ.மீ. என்றால் 3 கிலோவுக்கும் குறைவு. தகடு மெல்லியது என்பதால் இந்த வித்தியாசம் பாத்திரத்தின் ஆயுளையே தீர்மானிக்கும். பிடி வைத்த பழைய பாத்திரங்களில் பிடி உடைந்த இடத்தைப் பார்த்தால் தெரியும். ரிவெட் உடைந்திருக்காது. அதைச் சுற்றியுள்ள தகடுதான் அசைந்து அசைந்து கிழிந்திருக்கும். 4 மி.மீ. அலுமினிய ரிவெட் ஒன்றே பல பத்துக் கிலோ தாங்கும். அதனால் ரிவெட்டைப் பெரிதாக்குவதைவிட, உட்பக்கம் ஒரு வாஷர் போட்டுச் சுமையைப் பரப்புவது நல்லது.

இந்த வேலைக்கு நம் பக்கத்தைப் போல வசதியான இடம் இல்லை. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது, 1960-களில் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. தகட்டை வளைப்பதும் கம்பியை முறுக்குவதும் இங்கே தெருவுக்குத் தெரு நடக்கும் பிழைப்பு. முதலில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையே சிறகாக வளைத்தேன். உறுதியான கம்பிதான், ஆனால் 2 மி.மீ. என்பதால் கையில் நெளிந்தது. துத்தநாக முலாம் பூசியதாக இருந்தால் தீக்கு அருகே வைப்பதும் நல்லதல்ல. சூடான துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பட்டறைக்காரர் ஒருவர் 3 மி.மீ. எவர்சில்வர் கம்பியை நீட்டினார். “ஒரு சுத்து கூட்டிப் பாருங்க சார்” என்றார். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். 2 மி.மீ. 3 ஆனால் விறைப்பு 5 மடங்கு. சூடு போகும் குறுக்குப் பரப்போ 2.25 மடங்குதான். அவர் கணக்குப் போடவில்லை, கை சொன்னதைச் சொன்னார். சரியாக இருந்தது.

செய்முறை இதுதான். ஒரு மி.மீ. எவர்சில்வர் தகட்டில் 3 செ.மீ. உயரமும் 4 செ.மீ. அகலமும் உள்ள பட்டை. இரு ஓரங்களையும் கம்பி நுழையும் அளவு குழலாகச் சுருட்ட வேண்டும், கதவுக் கீலில் இருப்பது போலவே. அதற்கு இன்னும் 2 செ.மீ. தகடு கூடுதலாக வெட்டிக்கொள்ள வேண்டும். பட்டையைப் பாத்திரத்தின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைத்து, விளிம்பை ஒட்டி, கஞ்சி ஏறும் மட்டத்துக்கு மேலே வைத்து நான்கு ரிவெட் அடிக்க வேண்டும். ரிவெட்டின் தண்டு தகட்டைத் தாண்டி அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருந்தால் தலை நன்றாகப் பரவும். பாப் ரிவெட் வேண்டாம். அதன் நடுவே துளை இருக்கிறது, கசியும், பருக்கையும் தங்கும். ஈயப்பற்றும் கூடாது. அலுமினியத்தின் ஆக்சைடு தோலில் அது ஒட்டாது, ஒட்டினாலும் காரீயம் கலந்த பற்று 183 டிகிரியில் இளகி உணவில் நஞ்சு சேர்க்கும்.

ஒவ்வொரு சிறகுக்கும் சுமார் 31 செ.மீ. கம்பி. அதை ‘ப’ வடிவில் வளைத்து, இரு முனைகளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு செ.மீ. மடக்க வேண்டும். ஒரு முனை குழலின் மேல்வாயில், மற்றது கீழ்வாயில். கம்பியின் சொந்த விறைப்பே அதைக் கழலாமல் வைத்திருக்கும். எவர்சில்வர் வளைக்கும்போதே இறுகும் குணமுள்ளது. ஒரு தரம் வளைத்தால் வளைத்ததுதான். தப்பாகிவிட்டதே என்று நிமிர்த்தித் திரும்ப வளைத்தால் அந்த இடம் ஒடியும். நான் இரண்டு சிறகு செய்ய நான்கு கம்பி செலவழித்தேன்.

சிறகின் நீளம் 13 செ.மீ. மடித்தால் இரண்டும் சேர்ந்து சுவரில் 30 செ.மீ. வரை சுற்றிக்கொள்ளும். சுற்றளவு 44 என்பதால் ஒன்றோடொன்று முட்டாது. பிடிக்கும் இடம் பாத்திரத்திலிருந்து 6 செ.மீ. தள்ளித் தொடங்குகிறது. கீல் விளிம்பருகே இருப்பதால் அடியிலிருந்து ஏறும் அனல் அங்கே கொஞ்சம் படத்தான் செய்யும். அடுப்பில் வைக்கும்போது சிறகுகளை விரித்தே வைக்க வேண்டும். மடித்து வைத்தால் எவர்சில்வர் என்றாலும் நேராகத் தீயில் காய்ந்துவிடும், எந்தக் கணக்கும் உதவாது. காற்று வீசும் பக்கம் பார்த்து, பிடி காற்று வரும் திசையில் இருக்கும்படி பாத்திரத்தை வைக்கிறேன். சமையல் முடிந்ததும் ரிவெட் இடுக்கில் உப்புநீர் தங்காமல் கழுவித் துடைக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் நனைந்தால் சின்ன பேட்டரி போலாகும். கரைவது அலுமினியம்தான்.

மூடியை மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 293 கிலோஜூல் வேண்டும். சிறிய கேஸ் அடுப்பில் பாதி வெப்பம் வீணாகிறது என்று வைத்தாலும் 13 கிராம் கேஸ் போதும். திறந்து வைத்தால், ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் 2.26 கிலோஜூலைத் தூக்கிக்கொண்டு போகும். நடைப்பயணத்தில் எரிபொருளும் முதுகுச் சுமைதான்.

இந்தப் பாத்திரத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய்த் தீ மூட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளைக் கொண்டுபோனது. காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை அந்த மலை காட்டிவிட்டது. என் பாத்திரம் சாலையோரத்துச் சத்திரங்களுக்கும், தெரிந்தவர் தோட்டங்களுக்கும் உரியது.

புதுப் பிடிக்கு வைத்த சோதனை எளியது. வாய்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு கையால் தூக்கி, மொட்டைமாடியில் நூறு அடி நடந்தேன். பிறகு பட்டையைச் சுற்றித் தகட்டை விரலால் தடவிப் பார்த்தேன், குழி விழுந்திருக்கிறதா என்று. இல்லை. அன்று மாலை நொய்க் கஞ்சி வைத்தோம். கொதித்து இறக்கும்போது பிடிதுணியை மனைவி கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நான் சிறகுகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினேன். சுற்றுச்சுவர் ஓரமாக நடந்துபோய் இரண்டு தட்டிலும் ஊற்றி முடித்த பிறகுதான் அவள் துணியை மடித்துவைத்தாள்.